உப்பில்லாத மோரும் எங்கள் வீட்டுச் சந்தேகங்களும்

இதனால் சகலமானவர்களுக்கும், குறிப்பாக இன்னும் பிறக்காத என் மகனுக்கும், ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவித்துக்கொள்வது என்னவென்றால், ஸ்ரீரங்கத்தில் உள்ள நம் வீட்டில் என்னைவிட வயதில் மூத்ததான தயிர் கடையும் மத்து, இன்று காலை ஏழே முக்கால் மணிக்குப் பணியில் இருக்கும்போதே தலை வேறு காம்பு வேறாகப் பிரிந்து காலமானது. வேறு உயிர்ச்சேதம் இல்லை. அரைச் சொம்புத் தயிர் சுவரில் தெறித்தது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். சாயங்காலம் சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் போய்ப் புது மத்து வாங்கி வரும்வரை வீட்டில் மோர் கிடையாது, எனக்கு வேலையும் கிடையாது. அந்த இடைவெளியில் உட்கார்ந்து உனக்கு இதை எழுதுகிறேன். பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

நீ குழம்பக் கூடாது என்பதற்காக உறவுமுறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதினேழு வயது முடிந்து ஒரு மாதம் ஆகிறது. பிளஸ் டூ பாஸ். கல்லூரிக்குப் போகப் பெட்டி வாங்கியாயிற்று, பூட்டு வாங்கவில்லை. உன் அம்மா யார் என்று எனக்கே தெரியாது. இந்தக் கடிதத்தில் 'நான்' என்று வந்தால் அது உன் அப்பா. 'அப்பா' என்று வந்தால் அது என் அப்பா, உனக்குத் தாத்தா. நீ மகளாகப் பிறந்தால் 'மகனே' வரும் இடத்திலெல்லாம் 'மகளே' என்று திருத்திப் படித்துக்கொள், கோபித்துக்கொள்ளாதே. நீ வளர்ந்து, படிப்புக்கோ வேலைக்கோ வெளியூர் கிளம்பும் நாளில் இதை உன் பெட்டியில் வைப்பதாகத் திட்டம். அப்புறமாக எழுதிக்கொள்ளலாமே என்று நீ கேட்கலாம். எனக்கு என் மேலேயே சந்தேகம், மகனே. நாற்பத்தைந்து வயது ஆண்கள் தங்களுடைய பதினேழு வயதைப் பற்றிப் பேசுவதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். எல்லோரும் வகுப்பில் முதல் மாணவர்கள். எல்லோரும் காவிரியில் வெள்ளம் போகும்போது இக்கரையிலிருந்து அக்கரைக்கு நீந்தியவர்கள். ஒருவர்கூட நடுவில் தண்ணீர் குடித்ததில்லை. நானும் அப்படி ஆவதற்குள் உள்ளதை உள்ளபடி எழுதிவிடவேண்டும்.

வெளியூரில் தனியாக இருக்கப்போகிற உனக்கு நான் தரும் சொத்து, மசாலா மோர் செய்யும் முறை. இதில் முக்கால் பங்கு சந்தேகம், கால் பங்குதான் கடைதல். முதலில் தயிரைச் சந்தேகப்படு. அது நேற்று ராத்திரி உறை ஊற்றியதா, முந்தாநாள் மிச்சமா என்று மோந்து பார். மூக்கு பின்வாங்கினால் அது மோருக்கு ஆகாது, மோர்க்குழம்புக்குத் தள்ளிவிடு. பச்சை மிளகாயைச் சந்தேகப்படு. பார்க்கச் சாதுவாக இருப்பதுதான் கழுத்தறுக்கும். அரைக்காதே, கீறிப் போடு. மிக்ஸியையும் நம்பாதே. அது தயிரைக் கடைவதில்லை, அடித்துத் துவைக்கிறது. ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு பானைத் தண்ணீர். இஞ்சியைத் தோல் சீவி நசுக்கு. கறிவேப்பிலையைக் கையால் கிழி. கொத்தமல்லியில் இலையை மட்டும் கிள்ளிவிட்டுத் தண்டைத் தூக்கிப் போடுகிறவர்களோடு சேராதே, வாசனை தண்டில் இருக்கிறது. வறுத்துப் பொடித்த சீரகம் ஒரு சிட்டிகை, தண்ணீரில் கரைத்த பெருங்காயம் கொஞ்சம், கடைசியில் நாலு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு. எல்லாம் போட்டுக் கால் மணி நேரம் மூடி வைத்து, வடிகட்டு. பாக்கெட்டில் வாங்கிக் குடிக்கிறேன் என்று மட்டும் சொல்லாதே. கடையில் கிடைப்பது மோர் அல்ல, கடைந்தால் கிடைப்பதுதான் மோர்.

உப்பு எங்கே என்று கேட்கிறாயா? அங்கேதான் கதை இருக்கிறது. அந்தக் கதையின் நாயகன் நான். இதைக் கொஞ்சமும் தற்பெருமை இல்லாமல் சொல்கிறேன்.

அப்பா ஒரு கல்லூரியில் பஸ் ஓட்டுகிறார். சத்திரத்தில் காலி வண்டியாகக் கிளம்பி, காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவார். இருபத்தோரு வருஷமாக இதே வேலை. ஒவ்வொரு கோடை லீவிலும் டிரைவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷம் ஸ்டீயரிங்கைத் தொடலாம். இந்த மே மாதம் தென்னூரில் இருக்கும் டாக்டரிடம் அப்பாவோடு நானும் போனேன். டாக்டர் அப்பாவின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். இறக்கினார். மறுபடியும் அடித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல செய்தி வராது என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

"ஐயா, இந்தப் பிரஷரோட அம்பது அறுபது புள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போறேன்னா, நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது? காலேஜ் திறக்க ஆறு வாரம் இருக்கு. மாத்திரைய விடாதீங்க. உப்பக் குறைங்க. ஊறுகாய், அப்பளம், கருவாடு பக்கமே போவாதீங்க. அப்புறம் வாங்க, பாப்போம்."

"குறையலன்னா சார்?"

"குறையலன்னா வண்டி ஓட்டாதீங்க. வேற எதாச்சும் வேலை குடுப்பாங்கல்ல?"

கொடுப்பார்கள். கல்லூரி வாசலில் ஒரு மேஜை போட்டு, பிள்ளைகளின் பஸ் பாஸைப் பார்த்து டிக் அடிக்கிற வேலை. திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தோம். டிரைவர் பிரேக் போடும் இடத்திலெல்லாம் அப்பாவின் வலது கால் தரையை அழுத்தியது. பாலத்தில் ஒருமுறை, டிரைவருக்கு முன்னாலேயே அழுத்தியது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காவிரியில் தண்ணீர் இல்லை. இருந்தாலும் ரொம்ப நேரம் பார்த்தேன்.

வீட்டில் அன்றே சட்டம் அமலுக்கு வந்தது. சாம்பாரில் உப்பு பாதி ஆனது, பொரியலில் காணாமல் போனது. அப்பா எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். மோரில்தான் உடைந்தார். மத்தியானம் சாப்பாடு முடிந்து இரண்டு டம்ளர், வெயிலில் போய்வந்தால் இரண்டு டம்ளர் என்று உப்புப் போட்ட மோரை வருஷக்கணக்காகக் குடித்த மனிதர். உப்பில்லாமல் அம்மா கொடுத்த மோரை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "இதுக்குக் கொள்ளிடத்துல போய் மணல அள்ளிக் குடிக்கலாம்" என்றார். அந்த நிமிஷத்தில் மோர் இலாகாவை நான் எடுத்துக்கொண்டேன். உப்பே போடாமல் உப்பு ருசி வரவைப்பதாகச் சவால் விட்டேன்.

இரண்டு நாள் தோற்றேன். இஞ்சியை ஏற்றினேன், எலுமிச்சையை ஏற்றினேன், அப்பாவின் புருவம்தான் ஏறியது. மூன்றாம் நாள் வழி கிடைத்தது. மேல்வீட்டில் ஒரு மாமி இருக்கிறார். நார்த்தை இலை, எலுமிச்சை இலை, மிளகாய், ஓமம், பெருங்காயம் எல்லாவற்றையும் இடித்து உருட்டி, வேப்பிலைக்கட்டி என்று தெரிந்தவர்களுக்கு விற்பார். பெயரில்தான் வேப்பிலை, உள்ளே ஒரு வேப்பிலைகூடக் கிடையாது. நான் அவர் வீட்டு கேஸ் சிலிண்டரைத் தூக்கி வைத்ததற்குக் கூலியாக ஓர் உருண்டை கொடுத்தார். அதில் ஒரு நெல்லிக்காய் அளவு கிள்ளி மோரில் கரைத்தேன். அதன் வாசனை மூக்கிலிருந்து நேராக மூளைக்குப் போனது. அப்பா ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

"டேய், உப்புப் போட்டியா?"

"சத்தியமா இல்லப்பா. உங்க தலைமேல வேணா அடிச்சுச் சொல்றேன்."

"என் தலை இருக்கற நிலைமைக்கு அது வேண்டாம். இன்னொரு டம்ளர் ஊத்து."

எங்கள் வீட்டில் அப்பா இன்னொரு டம்ளர் கேட்பது என்றால் அது விருது. அக்கா ஒரு மடக்கு குடித்துப் பார்த்துவிட்டு, "உப்புக் கரிக்குதே?" என்றாள். பொறாமை என்று ஒதுக்கினேன். ஃபார்முலா வெளியே போய்விடக் கூடாது என்று உருண்டையை என் ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்குப் பக்கத்தில் ஒளித்து வைத்தேன். தினம் இரண்டு வேளை, வேளைக்குப் பெரிய சொம்பு. கணக்குப் பரீட்சைக்குக்கூட அந்தப் பாக்ஸை நான் அத்தனை தடவை திறந்ததில்லை.

மூன்றாவது வாரம், தெருமுனை மருந்துக்கடையில் அப்பாவுக்குப் பிரஷர் பார்த்தோம். குறையவில்லை. டாக்டரிடம் இருந்ததைவிடக் கொஞ்சம் ஏறியே இருந்தது. அப்பா அவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வீட்டுக்கு வந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட ஆரம்பித்தோம்.

முதல் குற்றவாளி இயல்பாகவே நான். என் பழைய வரலாறு அப்படி. போன வருஷம் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி போகும் முன், சர்க்கரை டப்பாவில் உப்பை மாற்றி வைத்தது நான்தான். மாப்பிள்ளை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுக் காபி பிரமாதம் என்றான். இப்படிப் பொய் சொல்கிறவன் வேண்டவே வேண்டாம் என்று அக்கா மறுத்துவிட்டாள். அவளைக் காப்பாற்றியது நான் என்று இன்றுவரை சொல்லிவருகிறேன், இன்றுவரை அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் அம்மா அன்று என் காதைப் பிடித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

"உண்மையச் சொல்லிடு. விளையாட்டுக்கு எதாச்சும் பண்ணினியா?"

"அம்மா, நான் உப்புத் தொட்டே மூணு வாரம் ஆச்சு. வேணும்னா நான் கடையறப்ப பக்கத்துல நின்னு பாரு."

நின்றாள். ஒருநாள் முழுக்கப் பார்த்தாள். எலுமிச்சைச் சாறு இருந்த கிண்ணத்தில் நான் முன்கூட்டியே கரைத்து வைத்திருந்த கட்டியை அவள் எப்படிப் பார்ப்பாள்? உப்பு ஜாடிப் பக்கம் என் கை போகவில்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொண்டு, சந்தேகத்தை வாபஸ் வாங்காமலே நகர்ந்தாள். நான் நிரபராதி என்று நிரூபணமானதும் எனக்குத் தலைக்கனம் ஏறியது. குற்றவாளியை நானே பிடித்துக் காட்டுவேன் என்று கிளம்பினேன்.

முதலில் அப்பா. லீவிலும் தினம் சாயங்காலம் 'பழகினவங்களப் பாத்துட்டு வரேன்' என்று சத்திரத்துக்குப் போவார். அங்கே பஜ்ஜி, வடை, சுண்டல் என்று எண்ணெய்ச் சட்டிகள் வரிசையாக நிற்கும். அங்கேதான் உப்பு உள்ளே போகிறது என்று முடிவு கட்டி, ஒருநாள் அவருக்கு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனேன். தொப்பி போட்டிருந்தேன். துப்பறிகிறவன் தொப்பி இல்லாமல் போகலாமா? ஒரு பூக்கடை மறைவில் நின்று பார்த்தேன். நாலைந்து டிரைவர்களோடு அப்பா நின்றுகொண்டிருந்தார். ஒருவர் கையில் பஜ்ஜிப் பொட்டலம்.

"எடுங்கண்ணே, ஒண்ணே ஒண்ணு."

"வேணாம்ப்பா."

"அண்ணிக்கு இவ்ளோ பயமா? அடுத்த வருஷம் டிக் அடிக்கிற சீட்டுல உக்காந்து பேனா பிடிக்கப் போறீங்க, இப்பவே கை நடுங்குதே!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பிறகு தள்ளுவண்டிக்காரரிடம் போய் வெள்ளரிக்காய் கேட்டார். அவர் கீறி, வழக்கம்போல உப்பு மிளகாய்ப் பொடியைத் தூவப் போனார். அப்பா கையை நீட்டி வெள்ளரிக்காயை மூடினார். "சும்மா குடுங்க" என்றார். அந்த வெறும் வெள்ளரிக்காயை அந்தச் சிரிப்புக்கு நடுவில் நின்று முழுதாகத் தின்றார். தின்றுகொண்டே, கிளம்பும் ஒவ்வொரு பஸ்ஸையும் அது வளைவு திரும்பும்வரை பார்த்தார். நான் தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். துப்பறியும்போது இப்படியெல்லாம் பார்க்க நேரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. உனக்குச் சொல்லிவைக்கிறேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அப்பா இல்லையென்றால் சமைக்கிறவள்தான் என்று அம்மாமேல் பாய்ந்தேன். உப்பு ஜாடியின் வெளியே, உப்பு நிற்கும் மட்டத்தில் அக்காவின் கண்மையால் ஒரு கோடு போட்டேன். மூன்றே நாளில் உப்பு அந்தக் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இறங்கிவிட்டது. பாதி உப்புச் சமையலில் இத்தனை உப்பு எங்கே போகும்? ராத்திரி எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் ஜாடியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். வக்கீல் மாதிரி தொண்டையைச் செருமினேன்.

"அம்மா, இந்தக் கோடு ஞாயித்துக்கிழமை. இந்த மட்டம் இன்னிக்கு. நடுவுல இருந்த உப்பு யார் வாயில போச்சு?"

அக்கா கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. அப்பா அம்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான்தான் அவருக்குக் கொடுத்தேன். அம்மா புடவையைக் கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் தூக்கினாள். இரண்டு பாதமும் வீங்கி, பளபளவென்று இருந்தன.

"யார் வாயிலயும் போகல. என் கால்ல போச்சு. மத்தியானத்துல நீங்கல்லாம் கண்ணசந்தப்ப சுடுதண்ணில உப்புப் போட்டு வச்சுக்கிறேன்."

"ஏன்டி, என்னாச்சு?" என்றார் அப்பா.

"என்னாகும்? கோயிலுக்குன்னு சொல்லிட்டு மேலச்சித்திரை வீதி தையக்காரக்கா வீட்டுல ரவிக்கை தச்சுக்கிட்டு இருக்கேன். மணிக்கணக்கா மெஷின மிதிச்சா வீங்காதா? உங்களுக்குக் கையெழுத்து விழலன்னா, பாஸ் பாக்குற வேலையில வர்றது பத்துமா? சொன்னா நீங்க கவலைப்படுவீங்க, அதுக்கும் பிரஷர் ஏறும்னுதான் சொல்லல." பிறகு என் பக்கம் திரும்பினாள். "இப்ப போதுமாடா?"

மகனே, வகுப்பில் என்னைப் பெஞ்சுமேல் நிற்க வைத்திருக்கிறார்கள், மைதானத்தைச் சுற்றி ஓட விட்டிருக்கிறார்கள். இந்த இரண்டு வார்த்தைக்கு எதுவும் ஈடாகாது. அப்பா சாப்பிடாமல் எழுந்து போனார். அக்கா ஜாடியை எடுத்துப்போய் அடுப்படியில் வைத்தாள். திரும்பி வரும்போது என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "எங்க எல்லாரையும் நோண்டிப் பாத்துட்ட. உன்ன நீ நோண்டிப் பாத்தியா?" என்றாள். அப்போது அது எனக்கு வெறும் திட்டாகத்தான் கேட்டது.

மறுநாள் ஜாமெட்ரி பாக்ஸில் கட்டி தீர்ந்துவிட்டது. இதுவரை பத்து உருண்டைக்கு மேல் வாங்கியிருந்தேன். அடுத்தது வாங்க மேலே போனேன். மாமி தரையில் உட்கார்ந்து, நறுக்கிய இலைகளைச் சின்ன உரலில் போட்டு இடித்துக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே பக்கத்திலிருந்த பீங்கான் பரணிக்குள் கையை விட்டு, கல்லுப்பை அள்ளி உரலில் போட்டார். இன்னொரு கை அள்ளி மறுபடியும் போட்டார்.

"மாமி, இதுல உப்பு உண்டா?"

"ஏன்டா கொழந்தே, உப்பில்லாம வேப்பிலைக்கட்டியா? நாலு நாள்ல பூஞ்சக்காளான் பூத்துடும்டா! உப்புதான் இத வருஷம் முழுக்கக் காப்பாத்தறது. நீ இத்தன நாள் தின்னியே, நாக்குல தெரியலியா?"

தெரிந்தது. தெரிந்ததைத்தான் என் கைப்பக்குவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா சாம்பாரில் விட்ட உப்பையும், பஜ்ஜியில் விட்ட உப்பையும், வெள்ளரிக்காயில் கை வைத்து மறைத்த உப்பையும் சேர்த்து வைத்து, தினம் இரண்டு சொம்பில் நானே அவருக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். நம் வீட்டுச் சமையலில் வேப்பிலைக்கட்டி கிடையாது. அம்மா லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், அப்பாவுக்கும் அது பழக்கமில்லை. மேல்வீட்டுப் பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரையும் கேட்காமல், இலைதானே என்று நம்பியவன் நான் ஒருத்தன்தான். ஊரில் எல்லாவற்றையும் மோந்து பார்க்கச் சொன்ன நான், அந்த உருண்டையை மட்டும் சந்தேகப்படவில்லை.

ஆனால் நான் ஓடி ஒளியவில்லை. கீழே வந்து எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்தேன். நிமிர்ந்து நின்று, "குற்றவாளி நான்தான்" என்றேன். ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து காட்டினேன். அம்மாவின் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன். அப்பா என் தோளில் கை போட்டு, "இப்படி முகத்துக்கு நேரா ஒத்துக்கறதுக்கு ஒரு தைரியம் வேணும்டா" என்றார். ஆகவே மகனே, தப்புச் செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு, ஒரு ராத்திரிகூட உன்னோடு படுக்க விடாதே. உன் அப்பன் அப்படித்தான் செய்தான்.

அதன்பிறகு இரண்டு வாரம் கட்டியில்லாத மோர். கல்லூரி திறக்க மூன்று நாள் இருக்கும்போது அப்பாவும் நானும் மறுபடி தென்னூர் போனோம். டாக்டர் பட்டையைச் சுற்றினார், காற்றடித்தார், இறக்கினார். கண்ணாடியைக் கழற்றவில்லை. மேஜை டிராயரைத் திறந்து பேனா எடுத்தார். அப்பா அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்து விழுந்ததும், "தேங்க்ஸ் சார்" என்பதற்குப் பதிலாக "போலாம் ரைட்" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். இப்போது தினம் காலை ஆறே முக்காலுக்கு அப்பா காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறார். அவர் பஸ் நம் தெருமுனையைத் தாண்டும்போது ஒருமுறை ஹாரன் அடிக்கும். அடிக்கக் கூடாது என்று அம்மா தினம் சொல்கிறாள். அடிக்காவிட்டால் வாசலுக்குப் போய் எட்டிப் பார்க்கிறாள்.

இங்கேயே முடித்திருந்தால் கடிதம் கம்பீரமாக இருந்திருக்கும். முடித்துவிட்டுக் கீழே கையெழுத்தும் போட்டேன். பிறகு முதலிலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்தேன் என்று ஒரு பத்தி வருகிறதே, அது முழுக்கப் பொய். கூடத்தில் யாரும் உட்காரவில்லை. மாமி வீட்டிலிருந்து இறங்கும்போது மாடிப்படியில் நான்தான் உட்கார்ந்தேன், அரை மணி நேரம். உள்ளே போனதும் அப்பா "மோர் எங்கடா?" என்றார். கட்டி போடாமல் கடைந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னிக்கு என்னமோ குறையுதேடா" என்றார். "கை வலிக்குதுப்பா, சரியாக் கடையல" என்றேன். அவர் என் கையைப் பார்த்தார். "பரவால்ல, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி முழு டம்ளரையும் குடித்தார். இன்னொரு டம்ளரும் கேட்டார். அப்படியே இரண்டு வாரமும் அந்தச் சப்பென்ற மோரைத் தினம் நாலு டம்ளர், என் கை வலி மனசு வலியாக ஆகிவிடக் கூடாதே என்று குடித்தார். பாராட்டவும் செய்தார். கொள்ளிடத்து மணலே மேல் என்ற அதே மனிதர்.

அதனால் சொல்லவில்லை என்றுதான் எழுதப் பார்த்தேன், அதுவும் சரியில்லை. பயந்துதான் சொல்லவில்லை. இப்போது சத்திரத்தில் எல்லோரிடமும், விடியற்காலையில் அம்மா மண்டபம் படித்துறைவரை நடந்து நடந்தே பிரஷரைக் குறைத்ததாக அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்டு இரண்டு டிரைவர்கள் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். அம்மாவின் காலைத் தொட்டேன் என்றேனே, அது மட்டும் ஒருவிதத்தில் உண்மை. தினம் மத்தியானம் சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் கொண்டுபோய் வைத்து, அவள் பாதத்தைப் பிடித்து உள்ளே இறக்குகிறேன். மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் வாயிலிருந்து வரமாட்டேன் என்கிறது. அம்மா என் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். "இவ்ளோ நல்லவனா இருக்கியே, உண்மையச் சொல்லு, என்ன பண்ணிவச்சிருக்க?" என்று நேற்றுகூடக் கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா, தண்ணி சூடு போதுமா?" என்றேன். அவள் நம்பவில்லை. அடுத்த வாரம் நான் ஹாஸ்டலுக்குக் கிளம்புகிறேன். அதற்குள் சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்லாமலே போய், நீ பிறந்து வளர்ந்து இதைப் படிக்கும் நாள்வரை தைரியம் வராமல் இருந்துவிட்டேன் என்றால், உன் தாத்தாவிடம் நீயே போய் மெதுவாகச் சொல்லிவிடு, ராஜா. பேரன் வாயால் கேட்டால் அவருக்குப் பிரஷர் ஏறாது.